சி டிரைவில் மாட்டிய மண்டபம்

கன்னியம்மாவை எனக்குப் பிடிக்காமல் போனது 2002-ஆம் வருஷம், ஆடி மாதம், ஒரு வியாழக்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு. அதற்கு முன்னால் பிடித்துத்தான் இருந்தது. மத்தியானம் இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடுவோம். என் டப்பாவில் இருக்கும் ஊறுகாயைக் கேட்காமலே எடுத்துக்கொள்ளும் உரிமை அவளுக்கு உண்டு.

மேற்குத் தாம்பரத்தில், ரயில் நிலையத்திலிருந்து இறங்கி முடிச்சூர் சாலைப் பக்கம் திரும்பினால் மாடியில் எங்கள் கடை. ஜாப் டைப்பிங், ஜெராக்ஸ், கல்யாணப் பத்திரிகை, விசிட்டிங் கார்டு. முதலாளி தோத்தாத்ரி சார். நான் பி.எஸ்ஸி. கணக்கு முடித்துவிட்டு ஆறு வருஷமாக அங்கே வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். சேலையூரிலிருந்து ஸ்கூட்டியில் வருவேன். கன்னியம்மா வந்து ஒன்றரை வருஷம்தான் ஆகியிருந்தது. கோவளத்துக்குப் பக்கத்தில் ஒரு குப்பம். அப்பா கடலுக்குப் போகிறவர், அம்மா கேளம்பாக்கம் மார்க்கெட்டில் மீன் விற்கிறவர். ப்ளஸ் டூவும் டைப்ரைட்டிங் லோயரும் படித்துவிட்டு, பஸ் ஏறி ஒன்றே கால் மணி நேரம் நின்றுகொண்டே வந்து சேருவாள்.

அந்த வியாழக்கிழமை தோத்தாத்ரி சார் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார்.

"இனிமே எல்லாரும் வெப்சைட்தான் கேப்பாங்க. பெருங்களத்தூர் மண்டபக்காரர் ராஜாராமன் இப்பவே கேக்கறார். நமக்கு ஒருத்தருக்கும் தெரியல. ஒரு மாசம் டைம் தரேன். புஸ்தகம் வாங்குங்க, கிளாஸ் போங்க, எப்படி வேணா கத்துக்கோங்க, அது உங்க இஷ்டம். ரெண்டு பேரும் அவர் மண்டபத்துக்கு ஆளுக்கொரு பக்கம் பண்ணுங்க. அவர் யாரோடத எடுத்துக்கறாரோ, அவங்களுக்குக் கண்ணாடி கேபின். வெப் டிசைனர்னு கார்டும் அடிச்சுத் தரேன்."

கண்ணாடி கேபினில் ஏ.சி. இருந்தது. ஆனால் என் மனசு கார்டில்தான் போய் நின்றது. ஆறு வருஷத்தில் எத்தனை ஆயிரம் பேருக்கு விசிட்டிங் கார்டு அடித்திருப்பேன். பல் டாக்டர், எல்.ஐ.சி. ஏஜெண்ட், சமையல் கான்ட்ராக்டர், மேளக்காரர். என் பேரில் ஒரு கார்டு இல்லை. ஜெயஸ்ரீ என்று போட்டு அதன் கீழே போட எனக்கு ஒன்றுமில்லை.

அந்த சந்தோஷத்தைக் கெடுத்தது 'ரெண்டு பேரும்' என்ற சொல். ஆறு வருஷத்தையும் ஒன்றரை வருஷத்தையும் ஒரே தட்டில் வைத்துவிட்டாரே மனுஷன். திரும்பிப் பார்த்தேன். கன்னியம்மா பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். பிடிக்காமல் போனது அப்போதுதான்.

நான் வழி தேடியது இப்படி. என் தம்பி பிரேம் கல்லூரியிலிருந்து ஒரு சி.டி. கொண்டுவந்தான். அதில் இருந்த சாஃப்ட்வேரில் கம்ப்யூட்டர் கோடு எதுவும் எழுத வேண்டாம். படத்தை இழுத்துப் போட்டால் போட்ட இடத்தில் உட்காரும். எழுத்தைத் தேர்ந்தெடுத்துக் கலரை அழுத்தினால் மாறும். பத்திரிகை டிசைன் பண்ணுகிற கைக்கு இதைவிட என்ன வேண்டும்? நாமம் போடத் தெரிந்தவனுக்கு விபூதி பூசுவதா கஷ்டம் என்று நினைத்துக்கொண்டேன். பற்றாததற்குக் குரோம்பேட்டையில் ஒரு சென்டரில் சனி, ஞாயிறு கிளாஸிலும் சேர்ந்தேன். அங்கேயும் அதே சாஃப்ட்வேர்தான். கூடவே ஐந்நூறு பக்கத்துக்கு ஒரு புத்தகம் வாங்கி, அதற்கு பிரவுன் அட்டையும் போட்டேன்.

கன்னியம்மா நோட்பேடைத் திறந்தாள். ஒரு அலங்காரமும் இல்லாத, வெறும் வெள்ளையான அந்த நோட்பேடுதான்.

"அதுல போய் என்ன பண்ணுவ?" என்று கேட்டேன்.

"எழுதுவேங்க்கா. வூட்ல கம்ப்யூட்டர் இல்ல. உங்க சாப்ட்வேர் வெச்சிகினா இங்க மட்டும்தான் பண்ண முடியும். இதுன்னா பஸ்ல கூட நோட்டுல எழுதிப் பாக்கலாம்ல."

பஸ்ஸில் கம்ப்யூட்டர் படிக்கிறாளாம். எனக்கு நல்ல சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு பத்து நாள் தாங்கியது.

அவள் ஒரு லாங் சைஸ் நோட்டு வைத்திருந்தாள். காலையில் வந்ததும் பஸ்ஸில் எழுதியதை அப்படியே டைப் அடித்துப் பார்ப்பாள். முதல் வாரம் ஒன்றும் வராது. திரையில் பாதி காணாமல் போகும், அல்லது எல்லா எழுத்தும் தடித்துப்போய் நிற்கும். எங்கேயோ ஒரு அடைப்புக்குறியை மூடாமல் விட்டிருப்பாள். நோட்டில் தேடி, சிவப்புப் பேனாவால் சுழித்து, திரும்ப அடிப்பாள். பதினோராம் நாள் காலையில் வந்து உட்கார்ந்தாள், அடித்தாள், திறந்தாள். ஒரே தடவையில் வந்துவிட்டது. மண்டபத்தின் பேர், மூன்று பட்டன், ஒரு அட்டவணை. பார்க்க ரேஷன் கார்டு மாதிரிதான் இருந்தது. ஆனால் வந்துவிட்டது.

தோத்தாத்ரி சார் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். "இது எப்படிம்மா வருது?" என்று கேட்டார். அவள் ஒவ்வொரு வரியாகக் காட்டி, இது இதற்கு, அது அதற்கு என்று சொன்னாள். சார் அப்புறம் என் பின்னால் வந்து நின்றார். என் வெப் பக்கத்தில் தங்கக் கலர் பார்டர், மேலே தாமரை, நடுவில் நகரும் எழுத்து. "பிரமாதம்மா" என்றார். "இது எப்படி வருது?"

"இழுத்துப் போட்டா வருது சார்."

"ஓ" என்றார். அந்த ஓ அன்றைக்கு முழுக்க என் காதில் இருந்தது.

அதற்கப்புறம் அவள் எது செய்தாலும் எனக்கு வயிறு எரிந்தது. கஸ்டமர் அவளைப் பார்த்துச் சிரித்தால் எரிந்தது. அவள் தலையில் இரண்டு முழம் கனகாம்பரம் வைத்துக்கொண்டு வந்த அன்றைக்கும் எரிந்தது. மத்தியானச் சாப்பாட்டைக் கீழே மெஸ்ஸுக்கு மாற்றிக்கொண்டேன். "இன்னாக்கா, எம்மேல கோவமா?" என்று கேட்டாள். "எனக்கென்ன கோபம்" என்றேன். பொறாமையைக் கோபம் என்று நினைக்கிறாளே, அந்த அளவுக்கு நல்லவளாக இருக்கிறாளே என்று அதற்கும் சேர்த்து எரிந்தது.

மூன்றாவது வாரம் ஒருநாள் சாப்பிட்டுவிட்டுச் சீக்கிரம் மேலே ஏறி வந்தேன். என் கம்ப்யூட்டரில் அவள் உட்கார்ந்திருந்தாள். என் பக்கத்தின் கோடைத் திறந்து வைத்து நோட்டில் பார்த்து எழுதிக்கொண்டிருந்தாள். பிரவுசரில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அதன் கோடைப் பார்க்க ஒரு மெனு உண்டு. அது என் புத்தகத்தில் நானூறாவது பக்கத்துக்கு மேல் இருந்ததால் எனக்குத் தெரியாது.

"என்ன திருடற?"

அவள் எழுந்து நின்றாள். "இல்லக்கா, உங்குளுதப் பாத்துதான் கத்துகினு கீறேன். தாமரைய சுத்தி எடம் வுட்டு கீறீங்களே, அது எப்பிடின்னு."

நோட்டைப் பிடுங்கிப் பார்த்தேன். பென்சிலில் என் பக்கம் முழுவதும் வரி வரியாக எழுதியிருந்தது. பாதிக்கு மேல் கோடு போட்டு அடித்திருந்தாள். கீழே, 'அக்கா பக்கம் 212 வரி. தேவை 40' என்று எழுதியிருந்தது.

செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு உறைத்திருக்காது. இருநூற்றுப் பன்னிரண்டில் நாற்பதுதான் உருப்படி, மிச்சமெல்லாம் என் சாஃப்ட்வேர் தானாகப் போட்டுக்கொண்ட குப்பை. அது எனக்கே தெரியாது. இவளுக்குத் தெரிந்திருக்கிறது.

"அக்கா, இன்னொண்ணு" என்றாள். "உங்க படம் அல்லாம் சி டிரைவுக்குள்ளயே மாட்டிகினு கீது. இந்த கம்ப்யூட்டர்ல வரும். வேற எதுலயும்..."

"உன் பக்கத்த நீ பாரு. என்னோடதுல மூக்க நுழைக்காத."

வாயை மூடிக்கொண்டாள். நானும் அந்த வார்த்தையை அன்றோடு மறந்துவிட்டேன். மறந்தேன் என்பதுகூடப் பொய். அவள் சொன்னது என்ன என்று யோசிக்கவே மறுத்தேன்.

மண்டபக்காரர் வருவதற்கு முந்தின நாள் எங்கள் வீட்டில் வரலட்சுமி பூஜைக்குச் சாமான் வாங்க வேண்டியிருந்தது. நாலு மணிக்கே கிளம்பிவிட்டேன். இரண்டு பேருடைய பக்கத்தையும் ஒரே ஃபிளாப்பியில் போட்டு வைக்கும்படி சார் கன்னியம்மாவிடம் சொன்னார். ஏதாவது வேலை காட்டிவிடுவாளோ என்று எனக்கு வழியெல்லாம் அதே நினைப்பு. நானாக இருந்தால் காட்டியிருப்பேன் என்பதால்தான் அந்தப் பயம்.

மறுநாள் பக்கத்துக் கட்டிடத்து பிரவுசிங் சென்டரில் சார் இரண்டு பக்கத்தையும் திறந்து காட்டினார். முதலில் அவளுடையது. சட்டென்று வந்தது, சுத்தமாக இருந்தது, ராஜாராமன் தலையை ஆட்டினார். அப்புறம் என்னுடையது. தாமரை வந்தது. தங்க பார்டர் வந்தது. மண்டபத்தின் ஆறு படமும் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின. மணமேடை, சாப்பாட்டு ஹால், கார் நிறுத்துமிடம். ராஜாராமன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இதான் சார். இதப் பாத்தா கல்யாணக் களை இருக்கு. இதையே போடுங்க."

 நான் கன்னியம்மாவைப் பார்த்தேன். அவள் முகம் வாடியிருந்தது. அதை நான் ரசித்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் ரசித்தேன்.

சார் அங்கேயே அந்த ஃபிளாப்பியிலிருந்து அதை நெட்டில் ஏற்றினார். கண்ணாடி கேபினுக்கு என் கம்ப்யூட்டரையே தூக்கிக்கொண்டு போய் வைத்தார்கள். ஏ.சி. காற்று நேராக என் கழுத்தில் அடித்தது. நூறு கார்டு அடித்துக் கொடுத்தார். முதல் கார்டை அம்மா சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள். கன்னியம்மா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் காலேஜ் பெண்களின் புராஜெக்ட் அடித்துக்கொண்டிருந்தாள். அவள் நோட்டை மட்டும் விடவில்லை. பஸ்ஸில் இன்னும் எழுதிக்கொண்டுதான் இருந்தாள். ஜெயித்தது நான். பிறகும் அவள் என்ன எழுதுகிறாள் என்று கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்ததும் நான்தான்.

பன்னிரண்டு நாள் போனது. மண்டபத்தின் போன் நம்பர் மாறிவிட்டது என்று ராஜாராமன் சொல்லியனுப்பினார். இரண்டு நிமிட வேலை. என் கம்ப்யூட்டரில் இருந்த என் பக்கத்தைத் திறந்து நம்பரை மாற்றி நெட்டில் ஏற்றினேன். திறந்து பார்த்தேன், அழகாக வந்தது.

மறுநாள் காலை ராஜாராமன் நேராக மாடி ஏறி வந்தார்.

"என்ன சார் பண்ணி வெச்சிருக்கீங்க? சிங்கப்பூர்ல இருந்து ஒரு பொண்ணு வீட்டுக்காரங்க மண்டபத்தப் பாக்கறோம்னாங்க. படம் ஒண்ணுகூட வரலயாம். ஆறு கட்டம், கட்டத்துக்குள்ள சிவப்பா பெருக்கல் குறி. நானும் இப்பதான் பக்கத்து சென்டர்ல பாத்துட்டு வரேன்."

"என் கம்ப்யூட்டர்ல வருதே சார்" என்று திரையைத் திருப்பிக் காட்டினேன்.

"உங்க கம்ப்யூட்டர்ல வந்து என்னம்மா பிரயோஜனம்? கல்யாணம் உங்க கேபின்லயா நடக்குது?"

அப்போதுதான் என் காதில் அந்தக் குரல் திரும்பக் கேட்டது. உங்க படம் அல்லாம் சி டிரைவுக்குள்ளயே மாட்டிகினு கீது. அப்படியானால் அன்றைக்கு பிரவுசிங் சென்டரில் ஆறு படமும் வந்தது எப்படி? இடையில் அந்த ஃபிளாப்பியைத் தொட்டது ஒரே ஒரு ஆள்தான். தொட்டவள் சரிபண்ணி வைத்திருக்கிறாள். அவள் சரிபண்ணியதன் மேல் நான் நேற்று என் குப்பையை ஏற்றிவிட்டேன்.

எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அதை இங்கே முதலில் சொல்லிவிட வேண்டும். சொல்லிவிட்டுத்தான் நான் அடுத்ததைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் புரியாமல் சொன்னேன் என்று யாரும் எனக்காகப் பரிந்து பேசக் கூடாது.

"நேத்து வரைக்கும் வந்துச்சே. யாரு கை வெச்சா?" என்று சார் கேட்டார்.

"அன்னிக்கு ஃபிளாப்பில போட்டது கன்னியம்மாதான் சார். என் ஃபைல்ல ஏதோ மாத்தியிருக்கா."

சார் கேபின் கதவைத் திறந்தார். "கன்னியம்மா, ஜெயஸ்ரீ ஃபைல்ல நீ ஏதாவது மாத்தினியா?"

அவள் டைப் அடிப்பதை நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள். "ஆமா சார், மாத்தினேன்."

"யாரக் கேட்டு மாத்தின?"

 கஸ்டமர் முன்னாலேயே சார் கத்தினார். அடுத்தவர் வேலையில் கைவைப்பது என்ன பழக்கம், இனிமேல் டைப்பிங் தவிர எதையும் தொடக் கூடாது என்றார். அவள் தலையை மட்டும் ஆட்டிவிட்டு மறுபடியும் அடிக்கத் தொடங்கினாள். பக்கத்தில் புராஜெக்ட் கொடுத்த பெண் நிஷா, ஒன்றும் புரியாமல் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நீ சரி பண்ணிடும்மா" என்றார் சார் என்னிடம்.

படங்களை எடுத்துவிட்டுத் திரும்ப இழுத்துப் போட்டேன். ஏற்றினேன். சார் பக்கத்து சென்டரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பெருக்கல் குறி. படத்தின் அளவைக் குறைத்து இழுத்துப் போட்டேன். மறுபடியும் சார் இறங்கிப் போய் ஏறி வந்தார். பெருக்கல் குறி. ஐந்நூறு பக்கப் புத்தகத்தைப் புரட்டினேன். எந்த மெனுவை அழுத்தினாலும் என் திரையில் மண்டபம் ஜோராக இருந்தது. ராஜாராமன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தும் என் முதுகு நனைந்துவிட்டது.

வேறு வழியில்லை. "கன்னியம்மா, கொஞ்சம் வா" என்றேன்.

அவள் திரும்பவில்லை. "சார் தொடக் கூடாதுன்னு சொல்லிட்டாருக்கா. நீங்க நோட்பேட்ல தொறங்க. நான் சொல்றேன்."

தொடக் கூடாது என்ற சொல்லை அவள் அப்படியே காப்பாற்றினாள். இடத்தை விட்டு எழவில்லை. என் திரைப் பக்கம் பார்க்கவும் இல்லை. நிஷாவின் புராஜெக்டை அடித்துக்கொண்டே பேசினாள்.

"ஐ எம் ஜி-ன்னு தேடுங்க. அதுக்கப்பறம் எஸ் ஆர் சி, ஈக்வல் டு, கொட்டேஷன். கீதா?"

"இருக்கு."

"கொட்டேஷன்ல இருந்து மண்டபம்னு ஒரு ஃபோல்டர் பேரு வரும். அதுக்கப்பறம் ஒரு சாஞ்ச கோடு. அது வரைக்கும் அத்தினியும் அழிச்சிடுங்க. படத்தோட பேரு மட்டும் நிக்கணும். மீதி அஞ்சுக்கும் அதே மாதிரி."

அழித்தேன்.  கீபோர்டு சத்தம் மட்டும்தான், என்னுடையதும் அவளுடையதும்.

"நாலாவது படம், கார் நிக்கிற எடம். அது பேர்ல முதல் எழுத்து பெருசா கீது. சின்னதா மாத்துங்க. இல்லாங்காட்டி அது ஒண்ணு மட்டும் வராது."

நாலாவது படத்தைப் பார்த்தேன். பெரிய எழுத்துதான்.

ஏற்றினேன். இந்தத் தடவை ராஜாராமனே பக்கத்து சென்டருக்குப் போய்விட்டு வந்தார். ஆறும் வந்துவிட்டது என்றார். அவர் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. கதவருகே நின்றபடி கன்னியம்மாவின் முதுகைப் பார்த்துச் சொன்னார்.

"இந்தப் பொண்ணு பாக்காமலே சொல்லுதே சார். அப்ப அன்னிக்கு எனக்குக் காட்டினப்ப படமெல்லாம் வந்தது யாரால?"

தோத்தாத்ரி சார் என்னைப் பார்த்தார். ஏதாவது சொல்லித் தப்பித்துக்கொள்ளலாமா என்று அப்போதும் யோசித்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை.

"அவளாலதான் சார்" என்றேன். "மாத்தினது அதுக்குத்தான். எனக்குத் தெரிஞ்சுதான் அவ மேல சொன்னேன்."

சார் வெளிப்பக்கம் திரும்பினார். அப்புறம், "கன்னியம்மா, இங்க வந்து உக்காரும்மா" என்றார். குரல் தாழ்ந்திருந்தது.

"இந்தப் பொண்ணுக்கு நாலு பக்கம் பாக்கி கீது சார். முடிச்சிட்டு வரேன்."

நான் எழுந்து வெளியே வந்தேன். அந்த நாலு பக்கத்தையும் அவள் அவசரப்படாமல் அடித்து முடித்தாள். பிரின்ட் எடுத்து, தப்பு பார்த்து, நிஷாவின் கையில் கொடுத்துவிட்டுத்தான் கேபினுக்குள் போனாள். அவள் கோபப்பட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். இரண்டு பேரும் ஒரே ஜாதி என்று நினைத்துக்கொண்டிருப்பேன். அவளுடைய அந்த நிதானத்தைப் பார்த்தபோது, கோடைப் பார்த்து எரிந்ததைவிட அதிகமாக எரிந்தது.

சாயங்காலம் அவள் கிளம்பும்போது மாடிப்படியில் மறித்தேன்.

"அன்னிக்கு ஏன் சரி பண்ண? விட்டிருந்தா நீதான ஜெயிச்சிருப்ப?"

"உங்க பக்கம் சோக்கா இருந்திச்சிக்கா. தாமரை, கலரு, அல்லாம். எனக்கு அப்பிடிப் போட வராது. அவரு முன்னால கட்டம் கட்டமா அசிங்கமாப் போறத என்னால பாக்க முடியல."

"நானா இருந்தா உன்னோடத சரி பண்ணியிருக்க மாட்டேன்."

"தெரியும்க்கா" என்றாள்.

அதைச் சொல்லும்போது அவள் முகம் சாதாரணமாகத்தான் இருந்தது. பிறகு, கோவளம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.